கயத்தாற்றில் நிற்கும் வண்டி

குழு: அம்பை வீட்டுச் சொந்தங்கள்
சனிக்கிழமை

பிற்பகல் 3:10

சுப்புலட்சுமி: நாளை காலை 6 மணிக்கு எல்லோரும் அம்பையில் நம் வீட்டில் இருக்க வேண்டும். 9 மணிக்குள் தென்காசி போய்ச் சேர்ந்தால்தான் நல்ல நேரத்தில் செல்விக்கு வளையல் அடுக்க முடியும். புளியோதரையும் தேங்காய்ச் சோறும் நான் செய்கிறேன். எலுமிச்சைச் சோறு வள்ளி. மற்றவை?

வள்ளியம்மாள்: சரி அக்கா

மீனா: தயிர்ச் சோறு நான்.

சண்முகம்: நான் கார் ஓட்டுகிறேன்.

சுப்புலட்சுமி: அது சோறு ஆகாது. குமரேசன் வளையலோடு எங்கே வந்துகொண்டிருக்கிறான்?

மீனா: சாத்தூரில் டீ குடிக்கும்போது பேசினான். அங்கேயே மழை தொடங்கிவிட்டதாம்.

வள்ளியம்மாள்: கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்கச் சொல்லியிருந்தேன். வாங்கினானோ இல்லையோ

பிற்பகல் 3:42

குமரேசன்: கயத்தாற்றில் நிற்கிறேன். விழவில்லை, அடிபடவில்லை. யாரும் பயப்பட வேண்டாம். வண்டியில்தான் கோளாறு.

வள்ளியம்மாள்: என்ன ஆயிற்று

வள்ளியம்மாள்: போனை எடு

குமரேசன்: தகரக் கூரைக்குக் கீழே நிற்கிறேன் அம்மா. மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. எழுதுகிறேன்.

சுப்புலட்சுமி: வளையல்?

மீனா: பெரியம்மா, முதலில் ஆளைக் கேளுங்கள்.

சுப்புலட்சுமி: அடிபடவில்லை என்று அவனே எழுதிவிட்டானே. கண்ணாடி வளையல். நல்ல காரியத்துக்குக் கொண்டுவருவது உடையக் கூடாது, அதற்காகக் கேட்டேன்.

குமரேசன்: ஒன்றும் உடையவில்லை பெரியம்மா. பெட்டியை வேட்டியில் சுற்றி முதுகுப் பையில் வைத்திருக்கிறேன்.

குமரேசன்: நடந்தது இதுதான். மழை வலுத்ததும் ஆக்சிலேட்டரை விட்டேன். கைப்பிடி திரும்பி வரவில்லை. வண்டி அதே வேகத்தில் இழுத்துக்கொண்டு போகிறது, முன்னால் லாரி. கால் பிரேக்கை மிதித்தால் எண்ணெய் பூசியதுபோல வழுக்குகிறது. கை பிரேக் ஒரு கணம் கழித்துத்தான் பிடித்தது. கிளட்சைப் பிடித்ததும் எஞ்சின் அலறியது. சிவப்பு சுவிட்சை அமுக்கி எஞ்சினை அணைத்துவிட்டு ஓரமாக உருட்டிக்கொண்டு வந்தேன்.

வள்ளியம்மாள்: முருகா

மாரியப்பன்: வண்டியை அங்கேயே விடு.

பேச்சிமுத்து: முதலில் கிளட்ச், அடுத்தது சிவப்பு சுவிட்ச். மிகச் சரியாகச் செய்திருக்கிறாய் குமரேசா. அந்த சுவிட்சைக் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் வைத்திருப்பதே இதற்குத்தான். சாவியைத் தேடப் போனால் ஒரு கை ஹேண்டிலை விட்டுவிடும். சில சிறிய வண்டிகளில் அந்த சுவிட்ச் கிடையாது. அவற்றில் கிளட்சை விடாமல் பிடித்துக்கொண்டு இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் போட்டு நிறுத்த வேண்டும். கிளட்சைப் பிடித்தால் எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் சக்கரத்துக்கு அந்த விசை போகாது. மீனா, நீயும் படித்துக்கொள். பிரேக்கைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

மீனா: என்னுடையது கியர் இல்லாத ஸ்கூட்டர் மாமா. கிளட்சே கிடையாது.

பேச்சிமுத்து: அதில் சிவப்பு சுவிட்ச் இருக்கிறதா? இருந்தால் அதுதான். இல்லாவிட்டால் இரண்டு பிரேக்கும், அதோடு சாவியை எஞ்சின் அணையும் நிலை வரை மட்டும் திருப்பு. ஹேண்டில் பூட்டு வரை போய்விடக் கூடாது.

சண்முகம்: குமரேசா, மணிமண்டபத்துப் பக்கமா?

குமரேசன்: கட்டபொம்மன் மணிமண்டபத்துக்குச் சற்று முன்னால். பஞ்சர் கடை.

பேச்சிமுத்து: பிரேக்கைப் பற்றி. உன் வண்டியில் முன்னால் டிஸ்க், அதாவது திறந்த தட்டு. பின்னால் டிரம், அதாவது மூடிய உருளை. டிரம் மூடித்தான் இருக்கும், ஆனாலும் இவ்வளவு மழையில் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். புகுந்தால் வெளியேற வழி குறைவு. பிரேக் கட்டைக்கும் டிரம்முக்கும் நடுவில் தண்ணீர் படலமாக நின்றால் பிடிப்பு போய்விடும். தண்ணீர் தேங்கிய இடத்தைக் கடந்ததும் மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் போக வேண்டும். உரசும் சூட்டிலேயே காய்ந்துவிடும். டிஸ்க் திறந்திருப்பதால் அதில் தண்ணீர் நிற்காது. டிஸ்க்கைப் பிடிக்கும் பட்டை அந்த ஈரத்தை வழித்தெடுக்க ஒரு கணம் வேண்டும், அவ்வளவுதான். நீ சொன்ன அந்தத் தாமதம் கோளாறு அல்ல. ஆனால் அந்த ஒரு கணத்தில் வண்டி எத்தனை அடி ஓடிவிடும்? அதனால்தான் மழையில் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள் என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறேன்.

சண்முகம்: மாமா டிப்போவில் பாடம் எடுத்ததுபோல இருக்கிறது.

பேச்சிமுத்து: டிப்போவில் கேட்டுக்கொண்டார்கள்.

வள்ளியம்மாள்: அண்ணா, ஏபிஎஸ் உள்ள வண்டி வாங்கியிருந்தால் இப்படி ஆகியிருக்காதா?

மாரியப்பன்: ம்.

பேச்சிமுத்து: ஏபிஎஸ் இருந்தாலும் ஆக்சிலேட்டர் சிக்கியிருக்கும். அது வேறு, இது வேறு. ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் பார்த்துக்கொள்ளும். 2019 ஏப்ரல் முதல் விற்கும் வண்டிகளில் 125 சிசிக்கு மேல் போனால் ஏபிஎஸ் கட்டாயம். 125 வரை இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு இருந்தாலே போதும் என்று இவன் வாங்கியபோது விதி. இவனுடையது 125. நான் அன்றே 150 வாங்குங்கள் என்றேன். மாப்பிள்ளை, உங்களுக்கு நினைவிருக்கும்.

மாரியப்பன்: அன்று வீட்டுப் பங்குப் பணம் கைக்கு வந்திருந்தால் 150 வாங்கியிருப்போம் மச்சான்.

சுப்புலட்சுமி: அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

சண்முகம்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனா: என்ன எழுதினீர்கள் அண்ணா?

சண்முகம்: ஒன்றுமில்லை.

பிற்பகல் 4:05

குமரேசன்: மாமா, இன்னொன்று. இப்போது ஸ்டார்ட் செய்தால் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் திணறி அணைந்துவிடுகிறது.

பேச்சிமுத்து: சமீபத்தில் எங்காவது சர்வீஸுக்கு விட்டாயா?

குமரேசன்: போன வாரம். முன் விளக்கு மாற்றினார்கள். வாட்டர் சர்வீஸும் செய்தார்கள்.

பேச்சிமுத்து: எந்தக் கடை என்று இங்கே எழுதாதே, நான் நேரில் கேட்டுக்கொள்கிறேன். இப்போது நான் சொல்வதைச் செய். எஞ்சினை அணைத்த நிலையில் ஹேண்டிலை நேராக வைத்து ஆக்சிலேட்டரை முழுதும் முறுக்கி விடு. பிறகு வலப்பக்கம் ஒடித்து அதேபோல. பிறகு இடப்பக்கம் ஒடித்து. மூன்று நிலையிலும் கைப்பிடி டக்கென்று தானாகத் திரும்ப வேண்டும். பார்த்துச் சொல்.

வள்ளியம்மாள்: சாப்பிட்டாயா

குமரேசன்: டீ குடித்தேன் அம்மா.

குமரேசன்: மாமா, நேராக வைத்தால் சோம்பலாகத் திரும்புகிறது. வலப்பக்கம் பரவாயில்லை. இடப்பக்கம் ஒடித்தால் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

பேச்சிமுத்து: நினைத்தேன். டேங்குக்கு முன்னால், முன் விளக்குக்குப் பின்னால் வயர்கள் போகும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பு.

குமரேசன்: படம்

குமரேசன்: படம்

பேச்சிமுத்து: இரண்டாவது படத்தை எல்லோரும் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் கட்டு தெரிகிறதா? முன் விளக்கு மாற்றியவர்கள் மின்வயர்களை ஒன்றாகக் கட்டும்போது ஆக்சிலேட்டர் வயரையும் சேர்த்து இறுக்கியிருக்கிறார்கள். ஹேண்டில் திரும்பும்போது அந்த வயர் தாராளமாக அசைய வேண்டும். கட்டிவிட்டால் ஒரு பக்கம் திரும்பும்போது இழுபடும். இழுபட்டு இழுபட்டு, கட்டுக்குப் பக்கத்தில் மேலுறை வெடித்திருக்கிறது. படத்தைப் பெரிதாக்கினால் உள்ளே கம்பி மினுங்குவது தெரியும். அதன் வழியாக மழைநீர் இறங்கியிருக்கிறது. உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பசை போய், சேறு சேர்ந்து, கம்பி உறைக்குள் ஓட மறுக்கிறது. வெயிலில் சமாளித்திருக்கும். மழையில் சிக்கிவிட்டது.

சண்முகம்: ஒரு பிளாஸ்டிக் கட்டுக்கா இவ்வளவும்?

பேச்சிமுத்து: ஆமாம். ஓர் உயிர் போயிருக்கும். வேலை முடிந்தபின் ஹேண்டிலை இரண்டு பக்கமும் ஒருமுறை திருப்பிப் பார்த்திருந்தால் அவர்களுக்கே தெரிந்திருக்கும். எனக்கு இதில்தான் கோபம்.

வள்ளியம்மாள்: வயிறு கலங்குகிறது அண்ணா

குமரேசன்: பஞ்சர் கடை ஐயா அந்த பிளாஸ்டிக் கட்டை வெட்டிவிட்டார். இப்போது இடப்பக்கமும் திரும்புகிறது. ஆனால் இன்னும் கனமாக இருக்கிறது.

பேச்சிமுத்து: கனமாகத்தான் இருக்கும். அந்த வயரையே மாற்ற வேண்டும். எண்ணெய் விட்டு ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே.

பேச்சிமுத்து: இனி மஞ்சள் விளக்கு. 2020 ஏப்ரலில் புகை மாசைக் குறைக்கும் பி.எஸ்.6 விதி வந்த பிறகு, பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுத்த கார்புரேட்டர் போய், பெட்ரோலை ஊசி முனையில் பீய்ச்சும் முறை வந்துவிட்டது. எவ்வளவு பீய்ச்சுவது என்று ஒரு சிறிய கணினி தீர்மானிக்கிறது. ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, உள்ளே போகும் காற்று எப்படி இருக்கிறது என்றெல்லாம் சென்சார்கள் அதற்குச் சொல்ல வேண்டும். அந்த வயர்கள் சேரும் கப்ளருக்குள் தண்ணீர் போனால் தவறான தகவல் போகும். கணினியும் தவறாகக் கணக்குப் போடும், எஞ்சின் திணறும். சாதாரண மழை அந்தக் கப்ளருக்குள் எளிதில் போகாது, ரப்பர் அடைப்பு இருக்கிறது. வாட்டர் சர்வீஸில் துப்பாக்கியைக் கிட்டத்தில் பிடித்து அடித்தால் அந்த ரப்பரையும் தாண்டும். சாவியை எடுத்துவிட்டு, டேங்குக்குக் கீழே எட்டும் கப்ளர்களைக் கழற்றி, பஞ்சர் கடைக் காற்றைத் தூரத்தில் பிடித்து அடிக்கச் சொல். காய்ந்ததும் கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பூட்டு. ஸ்பார்க் பிளக் மூடியையும் கழற்றித் துடை.

மீனா: மாமா, மூச்சு விடுங்கள்.

சுப்புலட்சுமி: தம்பி, நாளைக்கு நீ சீக்கிரம் வந்துவிடு. தாய்மாமன் தட்டு உன் கையால்தான் எடுக்க வேண்டும்.

பேச்சிமுத்து: தட்டு எடுக்க நான் வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் பெயர் போட மட்டும் இடம் இல்லை.

சுப்புலட்சுமி: அச்சகத்தில் விட்டுப்போனது என்று எத்தனை முறை சொல்வது?

செல்வி: மாமா, நீங்கள் வராமல் நான் வளையல் போட்டுக்கொள்ள மாட்டேன். குமரேசன் எப்படி இருக்கிறான்? இப்போதுதான் பார்த்தேன்.

பேச்சிமுத்து: நீ இதையெல்லாம் படிக்காதே அம்மா. ஓய்வெடு. அவன் நன்றாக இருக்கிறான். நான் வருகிறேன்.

பிற்பகல் 4:38

குமரேசன்: காற்று அடித்தபின் ஸ்டார்ட் ஆகிவிட்டது. திணறல் இல்லை. மஞ்சள் விளக்கு மட்டும் எரிகிறது. மெதுவாக ஓட்டி வந்துவிடவா?

வள்ளியம்மாள்: வேண்டாம்

மாரியப்பன்: வேண்டாம்.

பேச்சிமுத்து: கூடாது. ஆக்சிலேட்டர் வயர் வெடித்திருக்கிறது, பின் பிரேக் ஈரம். இன்னும் அறுபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, இருட்டப் போகிறது. இந்த வண்டியை இன்று யாரும் ஓட்டக் கூடாது.

மீனா: இவன் இதே வண்டியில்தான் அடுத்த மாதம் நண்பர்களோடு கொல்லிமலை போவதாக இருந்தான்.

வள்ளியம்மாள்: எங்கே?

குமரேசன்: மீனா.

வள்ளியம்மாள்: குமரேசா, கொல்லிமலையா

பேச்சிமுத்து: 70 கொண்டை ஊசி வளைவு. பிரேக் ஆயில் எப்போது மாற்றினாய்?

குமரேசன்: மாற்றியதில்லை மாமா. வாங்கி மூன்று வருடம் ஆகிறது.

பேச்சிமுத்து: டாட் 3, டாட் 4 என்று மூடியில் எழுதியிருக்கும் ஆயில் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். மலையிறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் சூடேறி உள்ளே ஆவிக்குமிழ் உண்டாகும். அப்புறம் பிரேக் கைப்பிடி தளர்ந்து ஹேண்டில் வரை வந்துவிடும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இறக்கத்தில் சிறிய கியரில் போட்டு எஞ்சின் பிடிப்பில் இறங்க வேண்டும். திங்கட்கிழமை வண்டி என் வீட்டு முற்றத்துக்கு வர வேண்டும். வயர், பின் பிரேக் கட்டை, பிரேக் ஆயில், எல்லாவற்றையும் நானே பார்க்கிறேன்.

வள்ளியம்மாள்: கொல்லிமலை கிடையாது

குமரேசன்: அதைப் பிறகு பேசலாம் அம்மா.

சுப்புலட்சுமி: இப்போது வளையலும் பையனும் எப்படி வருவார்கள்? சண்முகம், நீ பாளையங்கோட்டையில்தானே இருக்கிறாய்?

சண்முகம்: இருக்கிறேன். கங்கைகொண்டானில் சாலையில் தண்ணீர் ஓடுகிறது என்கிறார்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பேச்சிமுத்து: தண்ணீரின் ஆழம் தெரியாமல் காரை இறக்காதே. 2023 டிசம்பர் வெள்ளத்தில், மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்யாதே என்று நான் இங்கிருந்து கத்தினேன்.

சண்முகம்: தெரியும் மாமா.

பேச்சிமுத்து: எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் பிஸ்டன் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும் என்று

சண்முகம்: தெரியும் மாமா. கடன் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மீனா: பஸ்ஸில் வரட்டுமே. கயத்தாற்றில் திருநெல்வேலி பஸ் நிற்குமே.

குமரேசன்: பஞ்சர் கடை ஐயா வண்டியை உள்ளே ஏற்றிவைக்கிறேன் என்கிறார். திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்ளலாமாம்.

வள்ளியம்மாள்: பஸ்ஸில் கூட்டத்தில் வளையல்

மாரியப்பன்: பஸ்ஸே போதும்.

சுப்புலட்சுமி: சண்முகம்?

சுப்புலட்சுமி: சண்முகம், பதில் சொல்

பேச்சிமுத்து: எதில் வந்தாலும் ஆர்.சி. புத்தகத்தையும் சாவியையும் கையோடு எடுத்துக்கொள். வெட்டிய அந்த பிளாஸ்டிக் கட்டையும் எடுத்து வா. எனக்கு வேண்டும்.

மாலை 5:31

குமரேசன்: பஸ் வருகிறது. கை காட்டுகிறேன். போனில் சார்ஜ் குறைவு.

சண்முகம்: ஏறாதே. தண்ணீர் வடிந்துவிட்டது, கங்கைகொண்டான் தாண்டிவிட்டேன். பத்து நிமிடத்தில் வந்துவிடுவேன்.

சுப்புலட்சுமி: குமரேசா

மீனா: அவன் இன்னும் பார்க்கவில்லை. அம்மா, நீங்கள் கூப்பிட்டுப் பாருங்கள். நான் பஞ்சர் கடையின் பலகையில் எண் தெரிகிறதா என்று முதல் படத்தில் தேடுகிறேன்.