3018 ரூட்டர்ல அலுமினியம் வெட்டுனா அலறுது, ஓட்டை முட்டை வடிவத்துல வருது – எங்க இருந்து ஆரம்பிக்கணும்?

மாடிப்பட்டறை:

வணக்கம் எல்லாருக்கும். என்கிட்ட ஒரு 3018 சிஎன்சி ரூட்டர் (கம்ப்யூட்டர் சொல்ற பாதையில வெட்டற சின்ன மெஷின்) இருக்கு, ஒன்றரை வருஷமா ஓட்டிட்டிருக்கேன். பக்கத்தகடு பேக்லைட், எக்ஸ் ஒய் ரெண்டுக்கும் 10 மிமீ ராடு, பிட்டைச் சுத்தற ஸ்பிண்டிலுக்கு 775 மோட்டார், பிட்டைக் கவ்வற ஈஆர்11 காலெட், மெஷினை ஓட்டற ஜிஆர்பிஎல் போர்டு, எல்லாமே வாங்குனப்ப வந்ததுதான். தேக்குல பேர்ப்பலகை, கோலம் டிசைன் எல்லாம் நல்லாவே வருது, மரத்துல எனக்கு ஒரு குறையும் இல்ல.

இப்ப தங்கச்சி காலேஜ் ப்ராஜெக்டுக்கு 3 மிமீ அலுமினியத் தகட்டுல மோட்டார் பிராக்கெட் எட்டு வெட்டித் தரேன்னு ஒத்துக்கிட்டேன். முதல் பிராக்கெட்லயே மெஷின் அலற ஆரம்பிச்சிருச்சு, நேரா போறப்ப சும்மா கொர்ருன்னு போகுது, மூலையில திரும்புனதும் கீய்ய்ங்னு ஒரு சத்தம், கீழ் வீட்டு பாட்டி மேல வந்து என்னப்பா ஆச்சுன்னு கேக்கற அளவுக்கு. வெட்டுன சுவத்தைப் பாத்தா சீப்புப் பல்லு மாதிரி வரி வரியா இருக்கு. 22 மிமீ வட்ட ஓட்டை போட்டேன், காலிப்பர்ல ஒரு பக்கம் 21.7, இன்னொரு பக்கம் 21.5, பேரிங் உள்ளயே போகல.

செட்டிங் சொல்லிடறேன்: 3.175 மிமீ எண்ட் மில் பிட்டு, ரெண்டு ஃப்ளூட் (வெட்டற பல்லு), 10000 ஆர்பிஎம், ஃபீட் (நகர்ற வேகம்) நிமிஷத்துக்கு 300 மிமீ, ஆழம் ஒரு பாஸுக்கு 0.3, பிட்டு காலெட்ல இருந்து 22 மிமீ வெளிய நீட்டிட்டு இருக்கு. ராடை எடுத்துட்டு லீனியர் ரெயில் போடலாமா, ஸ்பிண்டில மாத்தலாமா, இல்ல எக்ஸ்ட்ரூஷன் (ஃப்ரேமோட அலுமினியச் சட்டம்) உள்ள மணலும் எப்பாக்ஸியும் ஊத்தலாமா? எல்லாத்தையும் பண்ண காசு இல்ல, எதாவது ஒண்ணுதான் முடியும்.

ஸ்டெப்பர்24:

ப்ரோ நானும் இதே மெஷின்தான், நேரா 500 வாட் ஸ்பிண்டில் போட்டுருங்க, 775க்கு அலுமினியம் வெட்ட தெம்பே கிடையாது. நான் போட்டதுக்கப்புறம் ஸ்பிண்டில் நிக்கறதே இல்ல. சத்தம் மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கு, அதுக்கு என்ன பண்றதுன்னு நானும் பாத்துட்டிருக்கேன்.

கோவை லேத்து:

மாடிப்பட்டறை தம்பி, எதையும் வாங்காதீங்க, கொஞ்சம் பொறுங்க. நான் 26 வருஷமா கணபதியில பட்டறையில நிக்கறவன், எங்ககிட்ட வர்ற பசங்க எல்லாருமே முதல்ல காசு செலவு பண்ணிட்டுத்தான் அளந்து பாக்கறாங்க, அது மனசுக்குக் கஷ்டமா இருக்குதுங்க. மெஷின் எந்த இடத்துல வளையுதுன்னு தெரியாம ரெயில் போட்டா, வளையாத இடத்துக்குக் காசைக் கொட்டுன மாதிரி ஆயிரும்.

எவ்வளவு நகருதுன்னு முள்ளுல காட்டற டயல் கேஜ் ஒண்ணும் மேக்னெட் ஸ்டாண்டும் யார்கிட்டயாவது ஒரு நாளைக்குக் கேட்டு வாங்குங்க. ஊருக்குப் போறப்ப பொட்டி எடை பாக்கற கொக்கித் தராசு இருக்குமல்ல, அது ஒண்ணு. மெஷினை ஆன் பண்ணி ஜிஆர்பிஎல்ல $1=255 போட்டுருங்க, அப்பத்தான் ஸ்டெப்பர் மோட்டார் எப்பவும் பிடிச்சுட்டே நிக்கும், இல்லைன்னா கொஞ்ச நேரத்துல லூஸ் விட்டு ரீடிங் எல்லாம் பொய்யாயிரும். ஸ்பிண்டில் கரண்டை மட்டும் மறக்காம கழட்டிருங்க. Z-ஐ (மேலகீழ போற பாகம்) நீங்க அலுமினியம் வெட்டற உயரத்துக்கு இறக்கி வெச்சுட்டு, காலெட் நட்டுல ஒரு கயிறு கட்டி தராசுல 2 கிலோ வர்ற வரைக்கும் இழுங்க, டயல் முள்ளு எவ்வளவு நகருதுன்னு எழுதி வெச்சுக்குங்க. அப்புறம் டயலை மட்டும் இடம் மாத்திட்டே வாங்க, காலெட், அடுத்து எக்ஸ் கேரேஜ் (ஸ்பிண்டிலைத் தாங்கி ராடு மேல ஓடற பாகம்), அடுத்து கேரேஜை ஒட்டி ராடு மேல, கடைசியா பக்கத்தகடு. இழுக்கறது எப்பவும் காலெட்லயே, 2 கிலோவேதான். ஒரு இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் வர்ற வித்தியாசம்தான் நடுவுல இருக்கற சாமானோட வளைவு. முன்னால பின்னால ஒருக்கா, பக்கவாட்டுல ஒருக்கா, ரெண்டு வாட்டி பண்ணுங்க. லீட்ஸ்க்ரூ (கேரேஜை நகத்தற மரைக் கம்பி) முனை மேலயும் டயலை வெச்சுப் பாருங்க, இது முக்கியம்.

ஸ்டெப்பர்24 கண்ணு, உங்க சத்தம் போகாததுக்கும் காரணம் இதுதானுங்க. ஸ்பிண்டில் வெயிட் ஏறுச்சு, அதைத் தாங்கற கேரேஜ் அதே பிளாஸ்டிக்குதானே.

மரத்தூள்:

அளக்கறது ஒரு பக்கம் நடக்கட்டும், செட்டிங்லயே பாதி சத்தத்தைக் குறைக்கலாம். ரெண்டு ஃப்ளூட்டு, 10000 சுத்து, 300 ஃபீட்டுன்னா ஒரு பல்லுக்கு 0.015 மிமீதான் கிடைக்குது, அது வெட்டறதுக்குப் பதிலா தேய்ச்சுட்டுப் போகுது, தேய்ச்சா சூடு, அலுமினியம் பிட்டுல ஒட்டும், ஒட்டுனா அலறும். அதே ஃபீட்ல சிங்கிள் ஃப்ளூட் போடுங்க, பல்லுக்கு 0.03 வந்துரும், சில்லு வெளிய போகவும் இடம் கிடைக்கும். ஆழத்தை இப்போதைக்கு 0.15க்கு இறக்குங்க.

அடுத்தது அந்த 22 மிமீ நீட்டல். 3 மிமீ தகடு வெட்ட 22 எதுக்கு? கம்பி வளையறது நீளத்தோட மூணாவது மடியில ஏறும், 14க்கு இறக்குனீங்கன்னா பிட்டோட வளைவு ஏறக்குறைய நாலுல ஒரு பங்காயிரும், பைசா செலவில்ல. அதே மாதிரி தகட்டுக்கு அடியில 18 மிமீ எம்டிஎஃப் பலகை ஒண்ணு வெச்சு வேலையை மேல தூக்குங்க, Z எவ்வளவு கீழ இறங்குதோ அவ்வளவு நீளமான நெம்புகோல் அந்த கேரேஜை முறுக்குது.

மூலையில மட்டும் அலறுதுன்னு சொன்னீங்க பாருங்க, அது ஏன்னா நேரா போறப்ப பிட்டு கொஞ்சமா கடிக்குது, உள்மூலையில திடீர்னு அதை விட ரொம்பப் பெரிய பங்கு உலோகத்துக்குள்ள மாட்டிக்குது. கேம்ல (பாதை போடற சாஃப்ட்வேர்) அடாப்டிவ் போட்டுருங்க, அது கடியை ஒரே அளவா வெச்சுக்கும், இல்லைன்னா மூலை ரேடியஸைப் பிட்டு ரேடியஸை விடப் பெருசா வரைங்க.

இன்னொண்ணு, போன்ல சத்தத்தோட அலைவரிசை காட்டற ஆப் இருக்கு. ரெண்டு பல்லு 10000 ஆர்பிஎம்னா பல்லு அடிக்கறது நொடிக்கு 333 வாட்டி. அலறும்போது ஆப்ல பெரிய முள்ளு 333, 667ன்னு அதோட மடங்குல நின்னா அது பல்லு அடிக்கற சத்தம், சில்லு தடிமன் இல்ல ஸ்பிண்டில் ஆட்டத்தைப் பாக்கணும். 166 பக்கம் நின்னா ரெண்டு பல்லுல ஒண்ணுதான் வெட்டுது, காலெட்டைக் கழட்டித் தொடச்சுட்டு மாட்டுங்க. இது ரெண்டுலயும் சேராம நடுவுல எங்கயோ நின்னா அதுதான் நிஜமான சேட்டர், மெஷின் தன்னோட சொந்த அதிர்வுல பாடுது. மெஷின் ஆஃப்ல இருக்கும்போது ஸ்பிண்டில ஸ்க்ரூட்ரைவர் பிடியால லேசா தட்டி ஆப்ல பாருங்க, ரெண்டும் கிட்டக்கிட்ட இருந்தா சந்தேகமே வேண்டாம், ஆர்பிஎம்மை 500, 1000ன்னு கூட்டிக் குறைச்சுப் பாத்தா ஒரு இடத்துல சட்டுனு அமைதியாயிரும்.

மண்ணெண்ணெய், ஐசோப்ரொப்பைல் எல்லாம் ஸ்ப்ரே பண்ணச் சொல்லி வீடியோல பாத்திருப்பீங்க, தயவுசெஞ்சு இந்த மெஷின்ல பண்ணாதீங்க. 775 கார்பன் பிரஷ் மோட்டார், உள்ள தீப்பொறி பறந்துட்டே இருக்கும். கட்டிங் ஆயில ஒரு சொட்டு சின்ன பிரஷ்ல தொட்டு வெச்சாப் போதும்.

மாடிப்பட்டறை:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பக்கத்துத் தெரு மோட்டார் ரீவைண்டிங் கடை அண்ணன்கிட்ட டயல் கேஜ் வாங்கி ஞாயித்துக்கிழமை முழுசும் அளந்தேன், ஒவ்வொண்ணும் மூணு வாட்டி.

முன்னால இழுத்தப்ப: காலெட்ல 0.46, எக்ஸ் கேரேஜ் அடிப்பக்கம் 0.33, ராடு மேல 0.12, பக்கத்தகடு 0.05. பக்கவாட்டுல இழுத்தப்ப: காலெட்ல 0.38, கேரேஜ்ல 0.24, இதுல லீட்ஸ்க்ரூ முனை மட்டுமே 0.15 நகருது! மோட்டார் ஷாஃப்ட் அசையல, ஸ்க்ரூ மட்டும் ஸ்ப்ரிங்கு மாதிரி போயிட்டு வருது. நான் ஒன்றரை வருஷமா ராடுதான் வில்லன்னு நெனச்சிட்டிருந்தேன், ராடு வெறும் 0.07தான். கேரேஜ்ல கைய வெச்சுட்டு இழுத்துப் பாத்தா அந்த பிளாஸ்டிக் முறுக்கிக்கறது விரலுக்கே தெரியுது.

கோவை லேத்து:

அருமைங்க தம்பி. ராடு கணக்கை ஒருக்கா பாத்துக்கலாம். 10 மிமீ ராடு ரெண்டு, 360 மிமீ நீளம், நடுவுல 2 கிலோ, முனை சும்மா உக்காந்திருந்தா 0.1 மிமீ வளையும், முனை ரெண்டும் அசையாம இறுகப் பிடிச்சிருந்தா அதுல கால்வாசி, 0.025. உங்களுது 0.07, ரெண்டுக்கும் நடுவுல இருக்குது. அப்ப 12 மிமீ ராடு வாங்கி பாதியாக்கறதை விட, இருக்கற ராடோட முனையைச் சரியாப் பிடிச்சாலே அதை விட அதிகம் கிடைக்கும். ஆனா அதுவே உங்களுக்கு இப்ப ரெண்டாம்பட்சம்.

முதல் வேலை கேரேஜ், 0.21 அங்கதான் போகுது. உள்ள இருக்கற எல்எம்10யூயூ பேரிங் 29 மிமீ நீளம்தான், சின்ன பேரிங்கு குட்டையா நின்னுட்டு ராடு மேல ஆடுது. அதையே 55 மிமீ நீளத்துல எல்எம்10எல்யூயூன்னு கேளுங்க, கிடைக்கும். பிளாஸ்டிக் முகத்துக்குப் பின்னால 10 மிமீ அலுமினியத் தகடு ஒண்ணு, பேரிங் ஹவுசிங்கை நேரா அதுல போல்ட் போட்டுருங்க. உக்கடத்துப் பக்கம் பழைய இரும்புக் கடைகள்ல தேடுனா துண்டுத் தகடு எடைக்கே கிடைக்கும், நானே அப்படித்தான் எடுப்பேன். போல்ட் இறுக்கறப்ப ஒண்ணையே முழுசா இறுக்காதீங்க, கேரேஜைக் கையில தள்ளிட்டே நாலையும் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும், எங்கயாச்சும் பிடிச்சா உடனே தெரியும்.

ரெண்டாவது அந்த ஸ்க்ரூ. மோட்டாருக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவுல இருக்கற கப்ளர்ல சுருள் வெட்டு இருக்கில்ல, அது கோணல்மாணலைத் தாங்கறதுக்குப் போட்டது, ஆனா நீளவாக்குலயும் அது ஸ்ப்ரிங்குதான். வெட்டற விசை முழுசும் இப்ப அந்த ஸ்ப்ரிங்கு மேல ஏறுது. மறுமுனையில பேரிங் இருக்கற தகட்டுக்கு உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு எஃப்8-16எம் த்ரஸ்ட் பேரிங் (நீளவாக்குத் தள்ளலைத் தாங்கறது) மாட்டி, ரெண்டு பக்கமும் லாக் காலர் போட்டு இறுக்கிருங்க. அதுக்கப்புறம் ஸ்க்ரூ எந்தப் பக்கமும் ஓட முடியாது, கப்ளர் சுத்தறதை மட்டும் பாத்துக்கும். சில பேர் கப்ளருக்குள்ள ரெண்டு ஷாஃப்டுக்கும் நடுவுல ஒரு சின்ன இரும்புக் குண்டு போடுவாங்க, அது மோட்டார் பக்கம் தள்றதை மட்டும்தான் தாங்கும், இழுக்கறதுக்கு ஒண்ணும் பண்ணாது. ஒய் ஸ்க்ரூவுக்கும் இதேதான்.

மணல் எப்பாக்ஸி பத்திக் கேட்டீங்க. அதிர்வை அடக்கும், வளைவைப் பெருசா குறைக்காது. உங்க எக்ஸ்ட்ரூஷன் வளையவே இல்லைங்களே, அப்புறம் அதுக்குள்ள என்னத்தை ஊத்தறது? அதுக்குப் பதிலா மெஷினை ஒரு கடப்பா கல்லு மேல போல்ட் போட்டு உக்கார வைங்க. ஆனா ஒண்ணு, கல்லு மட்டமா இருக்காது, நாலு காலுக்கு அடியிலயும் பேப்பர் நுழையுதான்னு பாத்து, நுழையற இடத்துல ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வெச்சுட்டு அப்புறம் இறுக்குங்க. இல்லைன்னா இறுக்கற இறுக்குல ஃப்ரேமே முறுக்கிரும், ராடு ரெண்டும் இணையா இருக்காது.

மரத்தூள்:

ரஃபிங் (முதல் கரடு வெட்டு) பண்றப்ப கன்வென்ஷனல்ல (பல்லு சுத்தற திசைக்கு எதிரா வேலை நகர்றது) போங்க, கிளைம்ப்ல (அதே திசையில நகர்றது) பிட்டு வேலையைத் தன் பக்கம் இழுக்கும், ஸ்க்ரூல ஆட்டம் இருக்கறப்ப அது லபக்குன்னு உள்ள இழுத்துட்டா பிட்டு போச்சு. சுவத்துல 0.2 மிமீ விட்டுட்டு கடைசியா முழு ஆழத்துக்கும் ஒரே மெல்லிய பாஸ், அதையே இன்னொரு வாட்டி அதே பாதையில ஓட்டுங்க, முதல் வாட்டி வளைஞ்சு விட்டுட்டுப் போனதை ரெண்டாவது வாட்டி எடுத்துரும். ஓட்டை வட்டமா வரணும்னா இது ரொம்ப உதவும்.

மாடிப்பட்டறை:

மூணு வாரம் கழிச்சு வரேன், லேட்டுக்கு மன்னிக்கணும். எக்ஸ் ஸ்க்ரூ தகட்டுக்கு வெளிய நீட்டவே இல்ல, காலர் போட இடமில்லாம பழசை விட 20 மிமீ அதிக நீளமான டி8 ஸ்க்ரூ வாங்க வேண்டியதாப் போச்சு. கேரேஜ் தகட்டை இங்க ஒரு லேத்துல கொடுத்து எட்டு ஓட்டை போட்டு வாங்கினேன். எங்க சமையலறை மேடை போட்டப்ப மிச்சமான கடப்பா கல்லு மொட்டைமாடியிலயே கிடந்துச்சு, ஒரு காலுக்கு அடியில மட்டும் 0.4 ஷிம் தேவைப்பட்டுச்சு. ரெயிலும் வாங்கல, ஸ்பிண்டிலும் மாத்தல.

இப்ப அதே 2 கிலோ இழுப்புக்கு முன்னால 0.17, பக்கவாட்டுல 0.14. சிங்கிள் ஃப்ளூட், 14 மிமீ நீட்டல், 300 ஃபீட், ஆழம் மொதல்ல 0.15 அப்புறம் தைரியம் வந்து 0.3. சில்லு மாவு மாதிரி இல்லாம சின்னச்சின்ன ஊசியா பளபளன்னு தெறிக்குது. மூலையில கீய்ய்ங் இல்ல, கொர்ருன்னே திரும்புது. ஸ்ப்ரிங் பாஸ் (அதே பாதையில திரும்ப ஓட்டற கடைசி பாஸ்) ரெண்டு வாட்டி ஓட்டி 22 ஓட்டையை அளந்தேன், 21.96, 21.98. பேரிங்கை ரெண்டு கட்டை விரலால அமுக்கினேன், இறுக்கமா உள்ள போய் உக்காந்துச்சு. எட்டு பிராக்கெட்டும் நேத்து சாயங்காலம் தங்கச்சி கையில கொடுத்துட்டேன்.

லேத்து அண்ணா, இப்ப மிச்சம் இருக்கற 0.17ல 0.09 காலெட்டுக்கும் கேரேஜுக்கும் நடுவுலதான் இருக்கு, அதாவது Z பக்கம். அங்க ராடு சின்னது, ஸ்பிண்டில் ஹோல்டரும் பிளாஸ்டிக். அடுத்து ஹோல்டரை மட்டும் மாத்தட்டுமா, இல்ல Z மொத்தத்தையும் தகட்டுல கட்டட்டுமா?

கோவை லேத்து:

ரொம்ப சந்தோஷமுங்க தம்பி. ஹோல்டர் மேல டயலை வெச்சு அதே 2 கிலோ இழுத்து, அந்த 0.09 ஹோல்டர்ல எவ்வளவு, Z ராடுல எவ்வளவுன்னு பிரிச்சு எழுதிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.