காய்ந்த அருவியும் கருகிய மரமும்

அஸ்தம்பட்டிக்காரர்:

மே மாதம் ஏற்காடு வரும் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது கிளியூர் அருவியைத்தான். ஏரி நிரம்பி வழிந்தால்தான் அங்கே தண்ணீர் என்று சொன்னால் கேட்க மாட்டார்கள். செங்குத்துப் படிகளில் இறங்கி, வெறும் பாறையோடு போட்டோ எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வருவார்கள். நான் மேலேயே நின்று மிளகாய் பஜ்ஜி தின்றபடி சிரிப்பேன். இருபது வருஷச் சிரிப்புக்கும் சேர்த்துப் போன வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மகன் கலிபோர்னியாவில் இருக்கிறான். செப்டம்பர் முதல் வாரம் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்ததும் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போனான். நம் கிளியூர் 300 அடி, அங்கே இருக்கும் யோசெமிட்டி அருவி 2,425 அடி. ஆசையாக அண்ணாந்து பார்த்தால், பாறையில் மேலிருந்து கீழ்வரை ஒரு கறை. அவ்வளவுதான். அது பனி உருகி விழும் அருவியாம். மே மாதம் கொட்டித் தீர்க்கும், ஆகஸ்ட் வந்தால் பெரும்பாலும் வற்றிவிடும். நமக்கு ஐப்பசி என்றால் அவர்களுக்கு வைகாசி. வீட்டம்மா ஒன்றும் பேசவில்லை. போனை எடுத்து, "நில்லுங்க, பாறையோட ஒண்ணு எடுத்துக்கலாம்" என்றாள்.

மானத்தைக் காப்பாற்றியது அதே பூங்காவில் இருக்கும் மரிபோசா தோப்பு. அங்கே கிரிஸ்லி ஜயன்ட் என்று ஒரு செக்வோயா மரம். உயரம் 209 அடி, வயது ஏறத்தாழ 3,000 வருஷம். அதன் ஒரு கிளையே 6 அடிக் குறுக்களவு. சுற்றிலும் வேலி போட்டிருக்கிறார்கள். வேர் ஆழமாகப் போகாமல் பக்கவாட்டில் பரவுவதால், ஜனங்கள் மிதித்து மிதித்து மண் இறுகினால் மரத்துக்கு ஆகாது. வழியில் முக்கால் முழ நீளத்தில் ஒரு காய் கிடந்தது. பெரிய மரம், பெரிய காய் என்று கையில் எடுத்துவிட்டேன். வனக்காவலர் பெண் சிரித்தார். அது பக்கத்தில் நிற்கும் சுகர் பைன் மரத்துடையதாம். செக்வோயாவின் காய் கோழிமுட்டை அளவுதான், உள்ளே விதை அவல் மாதிரி. எடுத்ததைக் கிடந்த இடத்திலேயே வைக்கச் சொன்னார், வைத்தேன்.

கிரிஸ்லி ஜயன்ட்டின் அடிமரத்தில் பெரிய கருகல் தழும்பு. பங்குனி ராத்திரியில் மொட்டை மாடியிலிருந்து சேர்வராயன் சரிவில் தீ மாலை மாதிரி ஓடுவதைப் பார்த்துப் பதறிப் பழகியவன் நான். அங்கே கதையே வேறு. பட்டை 2 அடி வரை தடிமன் இருப்பதால் சின்னத் தீ மரத்தை அசைப்பதில்லை. அந்தச் சூட்டில்தான் காய்கள் உலர்ந்து திறந்து, விதை சாம்பல் மண்ணில் விழுந்து முளைக்கும். ரொம்ப காலம் தீயே வராமல் அணைத்து அணைத்துக் கன்றுகள் குறைந்துபோய், இப்போது பூங்காக்காரர்களே அளவாகத் தீ வைக்கிறார்கள். ஆனால் 2022 ஜூலையில் பெரிய தீ நெருங்கியபோது, இந்த மரத்தைச் சுற்றித் தண்ணீர் தெளிப்பான்களை வைத்துக் காவல் காத்திருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் நம் மலையில் தீப்பெட்டியோடு கிளம்ப வேண்டாம். நம் மரங்களுக்கு 2 அடிப் பட்டை கிடையாது.

சூரமங்கலம் அக்கா:

நாங்களும் போனோம் சார், ஜூன் மாதம். அருவி நன்றாகவே கொட்டியது, மன்னிக்கணும்! எங்கள் பாடு கரடியோடு. ராத்திரி காரில் சாப்பாடு வைக்கக் கூடாது, கதவைக் கிழித்துவிடும் என்று இரும்புப் பெட்டியைக் காட்டினார்கள். தட்டுவடை, நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் உள்ளே போயிற்று. வாசனை வரும் எதுவும் வெளியே ஆகாது என்றதால் பேஸ்ட், சோப்பு, மாமியாரின் தேங்காய் எண்ணெயும் அதோடு சேர்ந்தது. கரடியின் பாதம் நுழையாதபடி, சந்துக்குள் விரலை விட்டுத் திறக்கிற தாழ்ப்பாள். கடைசியில் கரடி வரவே இல்லை. காலையில் தட்டுவடை செட் போட உட்கார்ந்தபோது, ஒரு தட்டுவடையைத் தூக்கிக்கொண்டு ஓடியது அணில்.

ஏற்காட்டிலிருந்து ஒருவர்:

எங்களுக்குக் காட்டெருமை. போன மார்கழியில், விடிகாலைப் பனிமூட்டத்தில் காபித் தோட்டப் பாதையில் பைக்கில் வந்தேன். சில்வர் ஓக் அடியில் பாறை கிடக்கிறதே, நேற்று இல்லையே என்று நினைத்தேன். அப்புறம்தான் கீழே நாலு வெள்ளைக் கால் தெரிந்தது, சாக்ஸ் போட்ட மாதிரி. வண்டியை அணைத்துவிட்டு அசையாமல் நின்றேன். அது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் மிளகுக்கொடியை உரசிக்கொண்டு இறங்கிப் போயிற்று.

அது இருக்கட்டும் சார், அந்தப் பாறை போட்டோ எங்கே?