அப்பாவுக்குத் திரும்பக் கேட்ட தேன்சிட்டு

என் அப்பாவுக்கு வயது 78. திருகோணமலை உப்புவெளியிலிருந்து நாற்பது வருசம் தோணியில் கடலுக்குப் போனவர். நாலைந்து வருசமாகக் காது மந்தம். நாங்கள் கதைத்தால் விளங்கும். ஆனால் வளவு முருங்கையில் தேன்சிட்டு கத்துவது கேட்காது. "இப்ப குருவியள் வாறதில்லையோ?" என்று ஒருநாள் கேட்டார். அந்த நேரம் தலைக்கு மேலே இரண்டு கத்திக்கொண்டிருந்தன. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

வயது போகப் போக முதலில் கைவிடுவது உயர்ந்த சுருதிகள்தான். அப்படியென்றால் சத்தத்தைக் கீழே இறக்கிக் கொடுத்துப் பார்ப்போமே என்று தோன்றியது. மறுநாள் விடிய ஆறு மணிக்கு விறாந்தைத் தூணில் போனைச் சாய்த்து வைத்துப் பத்து நிமிசம் பதிந்தேன்.

முதல் தரம் சரிவரவில்லை. போனிலேயே பாதி வேகத்தில் போட்டேன், அப்பா தலையாட்டி மறுத்துவிட்டார். காரணம் பிறகுதான் பிடிபட்டது. வட்ஸ்அப் குரல் பதிவு, யூடியூப் எல்லாம் வேகத்தை மாற்றினாலும் சுருதியை மாற்றாமல் வைத்துக்கொள்ளும். மனிதக் குரலுக்கு அது நல்லது, எங்கள் தேவைக்கு உதவாது. பழைய கசெற் மெதுவாக ஓடினால் குரல் தடிக்குமே, அதுபோல இரண்டும் சேர்ந்து இறங்க வேண்டும். ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அப்படிச் செய்யலாம். பாதி வேகம் என்றால் ஒரு ஸ்தாயி கீழே. 6000 ஹேர்ட்ஸில், அதாவது செக்கனுக்கு 6000 அதிர்வில், இருந்த சத்தம் 3000க்கு வந்துவிடும்.

மகளின் லப்டொப்பில் போட்டு, ஹெட்போனை மாட்டிவிட்டேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவருடைய ஆட்காட்டி விரல் கதிரைப் பிடியில் தட்டத் தொடங்கியது. ஒவ்வொரு கத்தலுக்கும் ஒரு தட்டு. பிறகு கண்ணைத் திறந்து, "இது எங்கட முருங்கைக் குருவியெல்லே? ஏன் தடிமன் பிடிச்ச மாதிரிக் கத்துது?" என்றார். மகள் ஓடிப்போய் அம்மாவைக் கூட்டி வந்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் இதே வேலைதான். குண்டுக்கரிச்சானைக் கால் வேகத்தில் கேட்டுப் பாருங்கள். ஒரே சீழ்க்கை என்று நினைத்தது நாலைந்து துண்டாகப் பிரிந்து, ஏறி, வளைந்து இறங்கும். பறவையின் குரலுறுப்பு மூச்சுக்குழாய் இரண்டாகக் கிளைக்கும் இடத்தில் இருப்பதால், சில பறவைகளுக்கு இரு பக்கத்தாலும் வெவ்வேறு சுரம் எழுப்ப முடியும். வௌவாலுக்கு மட்டும் போனை நம்ப வேண்டாம். போன் பதிவது சுமார் 22,000 ஹேர்ட்ஸ் வரைதான், வௌவால் ஒலி பெரும்பாலும் அதற்கு மேலே. பதியாததை எவ்வளவு மெதுவாக்கினாலும் வராது.

அப்புறம் மறுபக்கம் போனோம், திமிங்கிலத்துக்கு. எங்கள் திருகோணமலைத் துறைமுக வாசலிலேயே கடல் பெரும் பள்ளமாக இறங்குகிறது, நீலத் திமிங்கிலம் கரைக்குக் கிட்ட வருவதும் அதனால்தான் என்பார்கள். அதன் குரல் நம் காதின் கீழ் எல்லையான 20 ஹேர்ட்ஸை ஒட்டியே ஒலிப்பதால் வேகத்தைக் கூட்ட வேண்டும். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா பத்து மடங்கு வேகத்தில் வெளியிட்ட பதிவு ஒன்றைப் போட்டேன். அது பசிபிக் கடலில் பதிந்தது, எங்கள் கடல் திமிங்கிலங்களின் பாட்டு வேறு. அதையும் அப்பாவிடம் சொன்னேன்.

அவர் முழுவதும் கேட்டார். "எத்தினை தரம் தோணிக்குப் பக்கத்தில வந்திருக்குது. மூச்சு விடுற சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறன்" என்றார். பிறகு ஹெட்போனைக் கழற்றாமலே, இன்னொருக்கால் போடு என்று கையைக் காட்டினார்.