திருப்பிச் சொல்ல வெச்சா நினைவு கூடுமா?

கொங்கு அம்மா: பையனுக்கு ஆறு வயசு, டவுன் சிண்ட்ரோம், பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதல். "தட்டு, டம்ளர், கரண்டி எடுத்துட்டு வா"ன்னா கரண்டி மட்டும்தான் வருதுங்க. மாமியார் தினமும் எண்களை வரிசையா சொல்லி, அவனைத் திருப்பிச் சொல்ல வைக்கிறாங்க. பலன் இருக்குமா?

வெள்ளிமேகம்: பெருசா இருக்காதுங்க. காதுல கேட்டதைக் கொஞ்ச நேரம் பிடிச்சு வைக்கிறதுதான் இவங்களுக்குக் கஷ்டம். கண்ணால பார்த்தது அவ்வளவு நழுவாது. பிரிட்டன்ல ஜாரோல்ட், பேட்லின்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1997ல இதைச் சோதிச்சாங்க. எண்களைச் சொல்லித் திருப்பிக் கேக்கறது ஒண்ணு, கட்டைகளை வரிசையா தொட்டுக் காட்டி அதே மாதிரி தொடச் சொல்றது இன்னொண்ணு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவங்க எண்கள்லதான் பின்தங்கினாங்க. நொண்டுற காலையே ஏன் ஓடச் சொல்றீங்க? சொல் அட்டை எழுதுங்க.

பழைய வாத்தியார்: அட்டை, படம்னு எல்லாத்தையும் கண்ணுக்கே குடுத்தா வாய் எப்போ பழகும்? எங்க அக்கா பேத்திக்கும் இதேதான். பன்னெண்டு வரிப் பாட்டைப் பிசகாம பாடுறா. எல்லாம் சொல்லிச் சொல்லி வந்ததுதான்.

வெள்ளிமேகம்: சார், நாலாவது வரியை மட்டும் கேட்டுப் பாருங்க.

பழைய வாத்தியார்: கேட்டேன். முதல்லேர்ந்து பாடினாதான் வருது, ஒத்துக்கறேன். ஆனா வெளியாள் முன்னாடி வாயே திறக்காத பொண்ணு இப்போ பாடுதே, அது கணக்கில்லையா?

சிறப்பாசிரியை: அது பெரிய கணக்குதான் சார். ஆனா ரெண்டு பேருமே காதை விட்டுட்டீங்க. இந்தப் பிள்ளைங்களுக்குக் காதையும் தொண்டையையும் இணைக்கிற குழாய் குறுகல், செவிப்பறைக்குப் பின்னாடி அடிக்கடி நீர் கோத்துக்கும். பாதிதான் கேக்குதுன்னா எதை நினைவு வைக்கும்?

வெள்ளிமேகம்: காதைக் கட்டாயம் பாக்கணும், சரி. ஆனா கேட்கும் திறனைக் கணக்குல எடுத்துப் பாத்த பிறகும் அந்தக் குறை மிச்சம் இருக்குன்னு ஆய்வுகள்ல வந்திருக்கு. அதனாலதான் படிக்கக் கத்துக்குடுங்கன்னு சொல்றேன். 1980ல ஒரு அப்பா, டவுன் சிண்ட்ரோம் உள்ள தன் மகளுக்கு மூணு வயசுலேர்ந்தே படிக்கக் கத்துக்குடுத்ததை இங்கிலாந்து போர்ட்ஸ்மத்துல இருந்த உளவியலாளர் சூ பக்லிக்கு எழுதினார். இந்தப் பிள்ளைங்க படிக்கிறதைப் பத்தின பக்லியோட ஆராய்ச்சி அந்தக் கடிதத்துலதான் ஆரம்பிச்சது. பேசின வார்த்தை காத்தோட போயிடும், எழுதினது கண் முன்னாடியே நிக்கும்.

பழைய வாத்தியார்: நிக்கட்டும். அட்டையைக் காட்டுறப்போ வாயாலயும் சொல்ல வைங்க. அதை மட்டும் விட்டுக்குடுக்க மாட்டேன்.

வெள்ளிமேகம்: அதுல சண்டையே இல்ல சார்.

கொங்கு அம்மா: ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். வலது காதுல நீர் இருக்காம், மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. மூணு அட்டை எழுதிக் கையில குடுத்தேன். தட்டும் டம்ளரும் வந்துருச்சுங்க. கரண்டி அட்டையை மட்டும் கடிச்சுட்டு நிக்கிறான். மாமியார் இப்போ அட்டையைப் பாத்துத்தான் சொல்லிக் குடுக்கிறாங்க.