போதகர் கட்டம் போட்ட கில்ட்டில் கல்யாணத்துக்கு வரலாமா?

பொத்தோங்பாசிர் அம்மா:
மகளுக்கு அக்டோபரில் கல்யாணம். மாப்பிள்ளை ஸ்காட்லாந்துக்காரர். அவருடைய பெரியப்பா அங்கே போதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே சிங்கப்பூருக்கு வந்து ஜெபம் செய்யப்போகிறார். வாட்ஸப்பில் படம் வந்தது. கழுத்தில் வெள்ளைக் காலர், இடுப்பில் நீலமும் பச்சையுமாகக் கட்டம் போட்ட கில்ட், அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் மடிப்புப் பாவாடை. எங்கம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "பாதிரியார் கைலியோடவா கோயிலுக்கு வருவாரு?" என்றார். ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சு. அது போதகர்களுக்கென்றே உள்ள டார்ட்டன் (ஸ்காட்லாந்துக் கட்டத் துணி) என்கிறார் மாப்பிள்ளை. நிஜமா? என் தம்பிக்கும் மகனுக்கும் அதே துணியில் டை வாங்கி வருகிறாராம். மற்றவர்கள் போட்டால் மரியாதைக் குறைவு ஆகிவிடாதா?

தேக்கா துணிக்கடை:
நிஜம்தான். கிளெர்ஜி (போதகர்கள்) டார்ட்டன் என்று கேட்டால் தருவார்கள். கிளார்க் குடும்பத்தாரும் கிட்டத்தட்ட அதே கட்டத்தைத்தான் உடுத்துகிறார்கள். கிளார்க் என்ற பெயரே திருச்சபைக் குருவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதனால் டை தாராளமாகப் போடலாம். யாரும் தடுக்கச் சட்டமில்லை.

அம்மாவிடம் சொல்லுங்கள், கைலி வேறு, இது வேறு. கைலியில் இழை ஒன்று மேலே, ஒன்று கீழே. டார்ட்டனில் இரண்டு மேலே, இரண்டு கீழே, வரிசைக்கு வரிசை ஓர் இழை தள்ளிப் போகும். இரண்டு நிறம் சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள், சாய்ந்த வரி தெரியும்.

பாஸ்டர் மகள்:
உங்கம்மா சொன்னதை ஸ்காட்லாந்து சபையே ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறது! 1575இல் அவர்களுடைய பொதுப்பேரவை, போதகர்கள் சிவப்பு, நீலம், மஞ்சள் எல்லாம் உடுத்தக்கூடாது, அது மனசின் லேசுத்தனத்தைக் காட்டும் என்று விதித்தது. கறுப்பு, மங்கிய பழுப்பு, சாம்பல் போதும். ஆராதனை நேரத்தில் பிளெய்டு என்ற கட்டப் போர்வைகூடக் கூடாது. இது ஒருபக்கம். இன்னொருபக்கம் 1746இல் வந்த சட்டம் ஸ்காட்லாந்து ஆண்களுக்கு, ராணுவத்தார் நீங்கலாக, கில்ட் உள்ளிட்ட ஹைலாண்ட் (மலைநாட்டு) உடையையே தடுத்தது. 1782இல்தான் நீக்கினார்கள். குலத்துக்கு ஒரு டார்ட்டன், தொழிலுக்கு ஒன்று என்று பெயர் ஒட்டியது பெரும்பாலும் அதற்குப் பிறகு, துணி வியாபாரிகள் கைங்கரியம். பழங்காலத்து வழக்கம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னால் தலையாட்டிவிடுங்கள், சம்பந்தம் முக்கியம்.

ஈசூன் மாமா:
ஏசி இருக்கிற மண்டபமா? நல்ல கில்ட் ஒன்றுக்கு 8 கஜம் கம்பளித் துணி. சேலையைவிட 2 கஜம் அதிகம், பெரும்பகுதி பின்பக்கம் மடிப்பாக நிற்கும். நம்ம ஊர் வெயிலில் மனுஷன் அவிந்துபோவார். தண்ணி பாட்டில் ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும்.

பொத்தோங்பாசிர் அம்மா:
எல்லாருக்கும் நன்றி. எங்கம்மாவுக்கு 1575ஐப் படித்துக் காட்டினேன். "பாத்தியா, அப்பவே என் பக்கம் ஆள் இருந்திருக்கு" என்று சிரித்துக்கொண்டே இருக்கிறார். டைக்கு மறுப்பில்லை. இப்போது அவருடைய கவலை வேறு: அந்த 8 கஜத்தையும் ஒதுக்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் போதகர் எப்படி உட்கார்ந்து இலையில் சாப்பிடுவார் என்று.