வளையல் வேம்பைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். நத்தம் அருகே சாலையோரத்தில் ஒரு முதிய வேம்பு நிற்கிறது. தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கமிருந்து பழனிக்கு நடந்து போகிறவர்கள் அதில் வளையல், மஞ்சள் துணி, சின்னஞ்சிறு மரத்தொட்டில் எல்லாம் கட்டிவிட்டுப் போவார்கள். லாரி ஓட்டுநர்கள்கூட நிறுத்தி எலுமிச்சை மாலை போடுவதுண்டு. காற்றடித்தால் மரமே கலகலக்கும்; அத்தனை அழகு!

இப்போது நூலுக்குப் பதில் நைலான் கயிறு வந்துவிட்டது. கிளை பருக்கப் பருக்க அது பட்டையை இறுக்குகிறது. இலையில் உருவாகும் உணவு வேருக்குப் போவது பட்டை வழியாகத்தானே? இரண்டு கிளைகள் பட்டுப்போய்விட்டன.

பட்டைக்குள் புதைந்த கயிற்றை வெட்டி எடுக்கலாமா, விட்டுவிடலாமா? பக்கத்தில் கம்பி நட்டு அதில் கட்டச் சொன்னால், வேண்டிக்கொண்டவர்கள் மனம் நோகாதா? மரங்களைப் பற்றி அறிந்தவர்களும், தங்கள் ஊரில் இப்படிப் பேசிச் சம்மதிக்க வைத்தவர்களும் தைக்கு முன் வழி சொல்லுங்கள்.