நித்யாவின் லீவ் லெட்டர்

வாட்ஸ்அப் குழு: மேற்கு மாம்பலம் வீடு

[காலை 7:05] நித்யா: பெரியப்பா, எழுந்துவிட்டீர்களா? கார்த்தி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு லீவ் கேட்டு மெயில் எழுதியிருக்கிறேன். அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.

[காலை 7:06] நித்யா: "டியர் சார், மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் தாம்பரம் ஹேஸ் பாட் எ ஃப்ளாட், த ஹவுஸ்வார்மிங் இஸ் ஆன் ஃப்ரைடே, ஐ நீட் லீவ் ஃபார் டூ டேஸ். தேங்க் யூ சார்."

[காலை 7:11] பெரியப்பா: பார்த்தேன்மா. உனக்கு எத்தனை தம்பி?

[காலை 7:11] நித்யா: ஒருத்தன்தானே பெரியப்பா!

[காலை 7:12] கார்த்தி: நான்தான் பெரியப்பா 🙋

[காலை 7:16] பெரியப்பா: நீ எழுதியதைப் படித்தால் இன்னொரு தம்பி வேறு எங்கோ இருக்கிறான், இவன் தாம்பரத்துத் தம்பி என்று ஆகிறது. "மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் தாம்பரம், ஹேஸ் பாட் எ ஃப்ளாட்" என்று இரண்டு பக்கமும் கமா போடு. நடுவில் இருப்பது கூடுதல் தகவல். அதை எடுத்துவிட்டாலும் யாரைச் சொல்கிறாய் என்பது தெரியும். ஒரு பக்கம் போட்டு மறு பக்கத்தை விட்டுவிடாதே, அதுதான் நிறையப் பேர் செய்கிற தப்பு.

[காலை 7:18] நித்யா: தமிழில் "தாம்பரத்தில் இருக்கிற தம்பி" என்றால் போதுமே, அதனால்தான் தோன்றவில்லை.

[காலை 7:21] பெரியப்பா: ஆமாம், தமிழில் இரண்டுக்கும் ஒரே வாக்கியம்தான். ஆங்கிலத்தில் கமாதான் பிரித்துக் காட்டும். பிரஸ்ஸில் புரூஃப் பார்த்த காலத்தில் இதில் நானே ஒரு தடவை கோட்டை விட்டேன். ஒரு தொழிற்சாலை நோட்டீஸ். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்தவர்களுக்கு இரட்டைக் கூலி என்பது விஷயம். "ஆல் ஒர்க்கர்ஸ், ஹூ கேம் ஆன் சண்டே, வில் கெட் டபுள் வேஜஸ்" என்று கமாவோடு அச்சாகிவிட்டது. அப்படியென்றால் எல்லோரும் வந்தார்கள், எல்லோருக்கும் இரட்டைக் கூலி. வராதவர்களும் அந்த நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வந்துவிட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. இரண்டு கமாவை எடுத்துவிட்டு மறுபடியும் அடித்துக் கொடுத்தோம். அன்றிலிருந்து "ஹூ" வந்தால் என் பேனா நின்றுவிடும்.

[காலை 7:24] அம்மா: பாவம் அந்த ஜனங்கள்.

[காலை 7:27] பெரியப்பா: அடுத்தது. "பாட் எ ஃப்ளாட்" என்பதோடு ஒரு வாக்கியம் முடிந்தது. "ஃப்ரைடே"யோடு இன்னொன்று. முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டக்கூடாது. தமிழில் "வீடு வாங்கியிருக்கிறான், வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறோம்" என்று எழுதலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அந்தப் பழக்கம்தான் ஆங்கிலத்திலும் வந்துவிடுகிறது. அங்கே புள்ளி வை, இல்லாவிட்டால் கமாவோடு "ஸோ" மாதிரி ஒரு இணைப்புச் சொல் சேர்.

[காலை 7:29] நித்யா: "தேங்க் யூ சார்" சரிதானே?

[காலை 7:34] பெரியப்பா: "தேங்க் யூ, சார்." கூப்பிடும் சொல்லுக்கு முன்னால் கமா வேண்டும். நம்மிடம் எட்டாம் வேற்றுமை இருக்கிறது, விளி. குமாரன் என்பதைக் "குமாரா" என்றால் கூப்பிடுகிறோம், "குமாரனை" என்றால் அவனைப் பற்றிப் பேசுகிறோம். சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் பெயர் அப்படியே நிற்கும். "ஐ நோ குமார்" என்றால் குமாரைத் தெரியும். "ஐ நோ, குமார்" என்றால் எனக்குத் தெரியும் குமார். நமக்கு உருபு செய்கிற வேலையை அவர்களுக்குக் கமா செய்கிறது. அதை அலங்காரம் என்று நினைக்காதே கண்ணு.

[காலை 7:36] நித்யா: இதை ஸ்கூலில் யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லை பெரியப்பா. மூச்சு விடும் இடத்தில் கமா போடு என்றுதான் சொன்னார்கள்.

[காலை 7:37] பெரியப்பா: மூச்சு ஆளுக்கு ஆள் மாறும்மா.

[காலை 7:41] சித்தப்பா: அண்ணா, பட்டியலில் கடைசியாக வரும் "அண்ட்"டுக்கு முன்னால் கமா போடலாமா, கூடாதா? எங்களுக்குக் கூடாது என்றுதான் சொன்னார்கள்.

[காலை 7:49] பெரியப்பா: பிரிட்டிஷ் பத்திரிகைகள் பெரும்பாலும் போடுவதில்லை, அந்த வழக்கம்தான் நமக்கு வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் போடும், அதனால் அதற்கு ஆக்ஸ்ஃபோர்டு கமா என்றே பெயர். குழப்பம் வரும் என்றால் போட்டுவிடு தம்பி. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் ஓவர்டைம் கிடையாத வேலைகளைச் சட்டத்தில் வரிசையாக எழுதி, கடைசியில் "பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்" என்று முடித்திருந்தார்கள். "ஆர்"க்கு முன்னால் கமா இல்லை. இருந்திருந்தால் டிஸ்ட்ரிப்யூஷன், அதாவது கொண்டுபோய்க் கொடுப்பது, பட்டியலில் தனி வேலையாக ஆகியிருக்கும். ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் கம்பெனியின் லாரி டிரைவர்கள், "பேக் செய்வதுதான் பட்டியலில் இருக்கிறது, நாங்கள் பேக் செய்வதில்லை, கொண்டுபோய்க் கொடுக்கிறோம்" என்று வழக்குப் போட்டார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் சொன்னது. 2018இல் 50 லட்சம் டாலருக்குச் சமாதானம் ஆனது.

[காலை 7:50] கார்த்தி: ஒரு கமாவுக்கு 50 லட்சம் டாலரா!

[காலை 7:52] பெரியப்பா: டிரைவர்கள் உழைத்த நேரத்துக்கான பணம்பா அது. பிறகு அந்தச் சட்டத்தையே அரைப்புள்ளி போட்டுத் திருத்தி எழுதினார்கள்.

[காலை 8:03] நித்யா: "டியர் சார், மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் தாம்பரம், ஹேஸ் பாட் எ ஃப்ளாட். த ஹவுஸ்வார்மிங் இஸ் ஆன் ஃப்ரைடே, ஸோ ஐ நீட் லீவ் ஃபார் டூ டேஸ். தேங்க் யூ, சார்."

[காலை 8:05] பெரியப்பா: இப்போது அனுப்பு.

[காலை 8:06] சித்தப்பா: அண்ணா, சமையல் கான்ட்ராக்டருக்கு நேற்றே மெசேஜ் போட்டுவிட்டேன். "இட்லி, பொங்கல், வடை, பூரி அண்ட் மசால், ஃபைவ் ஐட்டம்ஸ்" என்று. இப்போது எண்ணினால் எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

[காலை 8:08] பெரியப்பா: பூரி மசாலை ஒன்றாக எண்ணினால் நாலுதான் வருகிறது. ஐந்தாவது என்ன என்று அவரே ஏதாவது முடிவு செய்துவிடப் போகிறார். உடனே போன் போடு தம்பி.

[காலை 8:21] சித்தப்பா: போட்டேன். ஐந்தாவதாகக் கேசரி என்று எழுதி வைத்திருக்கிறார்.

[காலை 8:22] அம்மா: கேசரி இருக்கட்டும். கிரகப்பிரவேசத்துக்கு இனிப்பு வேண்டாமா?

[காலை 11:40] நித்யா: லீவ் கிடைத்துவிட்டது பெரியப்பா 🙏 தம்பிக்கு வாழ்த்தும் சொல்லியிருக்கிறார்.